தெற்கு இத்தாலி, கோடை, இரண்டு பேர், இரண்டு முதுகுப்பை: முழுமையான வழிகாட்டி

தெற்கு இத்தாலியில் கோடைக்காலத்தில் ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு நாள். காலை ஆறரையிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்று, மாலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை இன்னொன்று. நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரத்தை வெயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும், தேவாலயக் கதவுகள் சாத்தப்பட்டுவிடும், தெருவில் பூனைகூட நிழலில்தான் கிடக்கும். ரயில் நேரம், விடுதி வாடகை எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

நானும் கல்லூரி நண்பனும் போன பயணத்தில் மூன்றாம் நாளே இதைக் கற்றுக்கொண்டோம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊரான பொம்பெயியில் மதியம் ஒரு மணி. தலைக்கு மேல் ஒரு மரம் இல்லை, தண்ணீர் பாட்டில் காலி. அவனுக்கு ஊரின் கடைக்கோடியில் இருக்கும், சுவரோவியங்களுக்குப் பேர்போன மிஸ்தேரி மாளிகையைப் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு உட்கார ஒரு இடம் வேண்டும். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அன்று இரவு பேசி முடிவெடுத்தோம்: பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் எந்தத் திட்டமும் கிடையாது. அதற்குப் பிறகு ஊர் திரும்பும் வரை எங்களுக்குள் சண்டையே வரவில்லை. கீழே சொல்லியிருப்பது முழுக்க அந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

எப்போது போவது

ஜூன் முதல் மூன்று வாரம், அல்லது செப்டம்பர். ஜூனில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மாலை ஐந்துக்குக் கிளம்பினாலும் போதுமான நேரம் கிடைக்கும். செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், கூட்டம் குறையும்.

ஆகஸ்டைத் தவிருங்கள். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. அதை ஒட்டிய இரண்டு வாரமும் இத்தாலியர்கள் எல்லோரும் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். அறை வாடகை ஏறும், ஊருக்குள் நல்ல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். வெயிலும் சாதாரணமில்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியில் சிராகூசாவுக்கு அருகே பதிவான 48.8 டிகிரி, ஐரோப்பாவின் அதிகபட்ச வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது. "நாங்கள் பார்க்காத வெயிலா" என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் அந்த வெயிலில் பத்துக் கிலோ பையோடு நாம் மலைப்படி ஏறுவதில்லை.

பாதை: எத்தனை ஊர்

இரண்டு வாரத்துக்கு நான்கு ஊரும், விமானம் ஏறும் முன் பாரியில் ஒரு இரவும் போதும். ஆறு, ஏழு ஊர் என்று போட்டால் பாதி நாள் பையைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் போய்விடும். நான் சொல்லும் கணக்கு: நேப்பிள்ஸ் 4 இரவு, சலேர்னோ 3, மத்தேரா 2, லெச்சே 3, கடைசியாகப் பாரி 1. நேப்பிள்ஸில் விமானம் இறங்கி, பாரியிலிருந்து திரும்பலாம். ரோம் வழியாக வந்தால் அதிவேக ரயிலில் நேப்பிள்ஸுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

சிசிலியை இதோடு சேர்க்காதீர்கள். ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் மட்டும் போங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதுதான் சிரமம், அதனால் பிப்ரவரி, மார்ச்சிலேயே தேதி பிடியுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம், எடை எட்டுக் கிலோவுக்குள். சக்கரம் வைத்த பெட்டி எடுத்து வரவே வராதீர்கள். நேப்பிள்ஸின் தெருக்கள் கருங்கல் பாவியவை, மத்தேரா முழுக்கப் படிக்கட்டு. பைக்குள் மூன்று பருத்திச் சட்டை, ஒரு மெல்லிய வேட்டி அல்லது துண்டு (கடற்கரைக்கும் ஆகும், தேவாலயத்தில் தோளையும் முழங்காலையும் மூடவும் ஆகும்), பிடிப்புள்ள செருப்பு, தொப்பி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மொபைல் சார்ஜரின் இரண்டு மெல்லிய கம்பி பிளக் அங்கே பெரும்பாலும் பொருந்தும். நம் ஊர் மூன்று கம்பி பிளக் நுழையவே நுழையாது, அதற்கு அடாப்டர் வேண்டும்.

பணம்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 யூரோ வைத்துக்கொண்டால் நிம்மதியாகச் சுற்றலாம். இரண்டு பேராகப் போவதன் பெரிய லாபம் அறையில்தான். தெற்கில் பல ஊர்களில் ஹாஸ்டலில் இரண்டு கட்டில் எடுக்கும் காசுக்கு ஒரு குடும்ப விடுதியில் தனி அறையே கிடைத்துவிடும். மதியம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்க அது வேண்டும். அறை தேடும்போது ஏ.சி. இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் வரி என்று ஒன்றைத் தங்கும் இடத்தில் தனியாக வாங்குவார்கள், பெரும்பாலும் ரொக்கமாக. சில்லறை இருக்கட்டும்.

ரயிலும் பஸ்ஸும்

உள்ளூர் ரயில்களுக்கு முன்பதிவு தேவையில்லை, கட்டணம் மாறாது. ஆனால் ஒரு விஷயத்தை மறந்தால் அபராதம்தான்: காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை குத்த வேண்டும். மொபைலில் வாங்கினால் ஏறும் முன் செக்-இன் செய்ய வேண்டும். நாங்கள் ஒருமுறை ஓடிப்போய் ஏறிவிட்டோம், முத்திரை குத்தவில்லை. பரிசோதகர் எங்கள் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அபராதச் சீட்டை எழுதினார்.

ஊர் பேருந்துச் சீட்டை வண்டியில் தேட வேண்டாம். வெள்ளை 'டி' எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி (புகையிலை) கடைகளில் விற்பார்கள். அந்தக் கடைகளும் மதியம் மூடும், அதனால் காலையிலேயே போக வர இரண்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

'ஷோப்பெரோ' என்ற சொல்லை நினைவில் வையுங்கள், வேலைநிறுத்தம் என்று பொருள். முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை அத்தியாவசிய ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. ஆக, காலையில் கிளம்பும் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

நேப்பிள்ஸ்: நான்கு இரவு

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சத்தம் முகத்தில் அடிக்கும். ஸ்கூட்டர், ஹாரன், மாடியிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடை, தெருவுக்குக் குறுக்கே காயும் துணி. நம் ஆட்களுக்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். தங்குவதற்கு நிலையத்தைச் சுற்றிய பகுதியை விடப் பழைய நகரம் நல்லது. ஸ்பாக்கானாப்போலி என்ற நேர்க்கோட்டுத் தெருவுக்கு அருகில் இருந்தால் எங்கும் நடந்தே போகலாம்.

முதல் நாள் காலையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் (செவ்வாய் விடுமுறை). பொம்பெயிக்குப் போகும் முன் இதைப் பாருங்கள். அங்கே கிடைத்த சிறந்த ஓவியங்களும் மொசைக்குகளும் இங்கேதான் இருக்கின்றன, இவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த வெறும் சுவர்கள் பேசும். இந்தியாவிலிருந்து போன ஒரு தந்தப் பெண் சிலை 1938இல் பொம்பெயியில் கிடைத்தது, அதுவும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஒரு சாண் உயரத்தில் நிற்கும் அவள் கி.பி. 79க்கு முன்பே கடல் தாண்டி வந்து சேர்ந்தவள். நாங்கள் அவள் முன்னால் வெகுநேரம் நின்றோம்.

பொம்பெயிக்கு நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சிர்கும்வெசுவியானா ரயில். சோரெந்தோ போகும் வண்டியில் ஏறி, 'பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். வெறும் 'பொம்பெயி' என்ற பெயரில் வேறு தடத்தில் வேறு நிலையம் இருக்கிறது, குழம்ப வேண்டாம். இந்த ரயிலில் நெரிசல் அதிகம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். 2024 நவம்பரிலிருந்து நாளைக்கு 20,000 பேர்தான் அனுமதி, சீட்டில் பெயர் இருக்கும். இணையத்தில் வாங்கி, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். கதவு திறக்கும்போதே உள்ளே போய், எங்களைப் போல இல்லாமல் முதலில் மிஸ்தேரி மாளிகையைப் பார்த்துவிட்டு மற்றதற்கு வாருங்கள். சாம்பலுக்குள் உடல்கள் மக்கி விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றி உருவங்களை எடுக்கும் முறையை 1863இல் ஃபியொரெல்லி என்ற ஆய்வாளர் செம்மைப்படுத்தினார். அந்த உருவங்களின் முன் மட்டும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

பொம்பெயி, எர்கொலானோ இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால்? நான் எர்கொலானோவைச் சொல்வேன். அதே ரயில், பாதித் தூரம். சின்ன ஊர், அதே எரிமலையில் புதைந்தது, ஆனால் கரியான மர உத்தரங்களும் கதவுகளும்கூட மிஞ்சியிருக்கின்றன. பழைய கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் தப்பிக்கக் காத்திருந்த ஏறத்தாழ 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. மூன்று மணி நேரத்தில் பார்த்து முடித்து மதியத்துக்கு அறைக்குத் திரும்பிவிடலாம்.

மாலைகள் பீட்சாவுக்கு. நேப்பிள்ஸ் பீட்சா செய்யும் கலையை யுனெஸ்கோ 2017இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வைக்கும் புகழ்பெற்ற கடைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. விறகடுப்பு எரியும், உள்ளூர்க் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் எந்தக் கடையும் நன்றாகவே இருக்கும். நடந்துகொண்டே சாப்பிட, நான்காக மடித்துக் காகிதத்தில் தரும் 'போர்த்தாஃபோலியோ' கேளுங்கள்.

சலேர்னோ: மூன்று இரவு

அமால்ஃபி கடற்கரையின் ஊர்களில் கோடையில் தங்கினால் ஒரு வாரப் பணம் இரண்டு நாளில் கரைந்துவிடும். சலேர்னோ அதே கடற்கரையின் கிழக்கு முனையில் இருக்கும் சாதாரண வேலை பார்க்கும் ஊர். வாடகை குறைவு, படகுத்துறையும் ரயில் நிலையமும் பக்கத்தில். இதை மையமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் செய்ய வேண்டிய ஒன்று 'கடவுள்களின் பாதை' என்ற மலை நடை. பொமெரானோவில் தொடங்கி நொச்செல்லே வரை ஆறேழு கிலோமீட்டர், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் நேர்கீழே கடல். மூன்று இரவில் நடுவில் ஒன்றைப் பொமெரானோவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பையைச் சலேர்னோ விடுதியில் விட்டுவிட்டு (கேட்டால் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள்), சின்னப் பையோடு அமால்ஃபி வழியாகப் பஸ்ஸில் மேலே போங்கள். மறுநாள் ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினால் பாதை உங்கள் இருவருக்குமே சொந்தம். ஒன்பது மணிக்கு மேல்தான் கூட்டம் வரும், அதற்குள் நீங்கள் நொச்செல்லேயில் இருப்பீர்கள். அங்கிருந்து பொசித்தானோவுக்கு ஏறத்தாழ 1,700 படி இறக்கம். முழங்கால் நடுங்கும், அவசரப்படாமல் இறங்குங்கள். கடலில் இறங்கி மதியத்தைக் கழித்துவிட்டு மாலைப் படகில் சலேர்னோ திரும்பலாம்.

கடற்கரையில் ஒரு சொல் தேவைப்படும்: 'ஸ்பியாஜ்ஜா லீபெரா'. இலவசக் கடற்கரை. மற்ற இடமெல்லாம் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் தனியார் பகுதி, அங்கே துண்டு விரித்தால் எழுப்பிவிடுவார்கள்.

இன்னொரு காலையைப் பெஸ்தும்முக்குக் கொடுங்கள். சலேர்னோவிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கிரேக்கர்கள் குடியேறிக் கட்டிய மூன்று கோயில்கள், மூத்தது ஏறத்தாழ கி.மு. 550ஐச் சேர்ந்தது. பொம்பெயியின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பது என் கண் கணக்கு. அங்குள்ள அருங்காட்சியகத்தில் நீரில் பாயும் மனிதனை வரைந்த கல்லறை மூடி இருக்கிறது, 1968இல் கண்டெடுத்தது. அந்த ஒற்றை ஓவியத்துக்காகவே மறுபடி போவேன். சுற்றிலும் எருமைப் பண்ணைகள். அன்று காலை செய்த எருமைப்பால் மொசரெல்லாவைத் தக்காளியோடு வாங்கி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மத்தேரா: இரண்டு இரவு

நேப்பிள்ஸ், சலேர்னோ பக்கத்திலிருந்து மத்தேராவுக்கு நீண்டதூரப் பேருந்துதான் வசதி. வெயில் ஏறும் நேரத்தில் பேருந்தில் இருப்பதுபோல் எடுங்கள், மதியம் வீணாகாது.

சாஸி என்று அழைக்கப்படும் இரண்டு குகைக் குடியிருப்புகள் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒன்றின் கூரை மேல் இன்னொன்றின் வாசலாக அடுக்கியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் வாழ்ந்த இடம். குடும்பமும் கழுதையும் கோழியும் ஒரே குகைக்குள், குடிநீர்க் குழாயும் சாக்கடையும் இல்லாமல் இருந்த நிலையை நாட்டின் அவமானம் என்றார்கள். 1952இல் சட்டம் போட்டு ஏறத்தாழ 15,000 பேரை வெளியேற்றிப் புது வீடுகளுக்கு அனுப்பினார்கள். 1993இல் அதே இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரானது. இன்று அந்தக் குகைகளில் விடுதி எடுத்துத் தங்குகிறோம். இதைத் தெரிந்துகொண்டு தங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் முதலில் பழைய பொருள்களோடு அப்படியே வைத்திருக்கும் குகை வீட்டை, காசா க்ரொத்தாவைப் பாருங்கள். பிறகு ஊர்ச் சதுக்கத்துக்குக் கீழே இருக்கும் மாபெரும் மழைநீர்த் தொட்டி. பாறையைக் குடைந்து, மழையின் ஒவ்வொரு துளியையும் பிடித்து வாழ்ந்திருக்கிறார்கள். நம் ஏரி, குளம், ஊருணியைத் தெரிந்தவர்களுக்கு அந்த வேலைப்பாடு உடனே புரியும்.

குகை அறையில் மதியத் தூக்கம் இந்தப் பயணத்தின் சுகம். வெளியே கல் கொதிக்கும்போது உள்ளே மண்பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும். பொழுது சாயும்போது வெளியே வந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பாருங்கள்.

லெச்சே, பாரி

மத்தேராவிலிருந்து பாரிக்குச் சின்ன ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது, பதிலுக்குப் பேருந்து. பாரியில் இறங்கி நேரே லெச்சே போய்விடுங்கள்.

லெச்சே மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய ஊர். கல் மென்மையானது, அதனால் சிற்பிகள் சாந்தக்ரோச்சே தேவாலய முகப்பில் விட்டுவைத்த இடமே இல்லை. மாலை ஆறு மணி வெயில் அதன் மேல் விழும்போது பாருங்கள். குடிக்க, ஐஸ் கட்டி மேல் எஸ்பிரெஸ்ஸோ ஊற்றிப் பாதாம் பால் சேர்த்த லெச்சே காபி. காபியை எங்கேயும் நின்றுகொண்டு குடியுங்கள், உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும்.

லெச்சேயிலிருந்து ஒரு நாள் ஓத்ராந்தோ. தெளிந்த கடல் ஒரு காரணம், பேராலயத்தின் தரை இன்னொரு காரணம். 1163 முதல் 1165 வரை ஒரு துறவி மேற்பார்வையில் பதித்த மொசைக் தரையின் நடுப்பகுதி முழுக்க ஒரே மரம், அந்த மரத்தை அடியில் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள்.

அல்பெரோபெல்லோவின் கூம்புக் கூரை வீடுகளைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். அழகுதான், ஆனால் பகல் முழுக்கச் சுற்றுலாப் பேருந்துகள். நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம். அதற்குப் பதில் பாரி திரும்பும் வழியில் பொலிஞ்ஞானோவில் இறங்கி, இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே இருக்கும் கூழாங்கல் கரையில் குளியுங்கள். பாரியில் பழைய ஊரின் சந்துகளில் பெண்கள் வாசலில் மேசை போட்டு ஒரெக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், ஒரு பொட்டலம் வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

தெற்கில் கஷ்டமே இல்லை. தக்காளி, பூண்டு, ஒரேகானோ மட்டும் போட்ட மரினாரா பீட்சா, பாரியின் ஃபொக்காச்சா, காய்ந்த பாவா பயறு மசியலோடு கீரை வைத்த ஃபாவே எ சிகோரியா (நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட உறவு), கத்தரிக்காய் பார்மிஜானா. 'செந்த்சா கார்னே, செந்த்சா பெஷ்ஷே' என்றால் இறைச்சி, மீன் இல்லாமல். கவனிக்க வேண்டியவை: கீரைப் பாஸ்தாவில் நெத்திலி கரைத்திருப்பார்கள். ஸ்ஃபொல்யாத்தெல்லா, பஸ்திச்சோத்தோ போன்ற பலகாரங்களின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு. பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்று நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். கட்டணச் சீட்டில் 'கொப்பெர்த்தோ' என்று ஒன்றிரண்டு யூரோ இருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். தெருக் குழாயில் 'நோன் பொட்டாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம்.

இரண்டு பேராக

பொதுச் செலவுக்கு ஒரு பர்ஸ். வாரத்துக்கு ஒருமுறை இருவரும் சமமாகப் போடுங்கள், அறை, பயணம், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. ஒரு காபிக்கு யார் கொடுத்தார்கள் என்ற பேச்சே வராது. வழி பார்க்கும் வேலையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொள்ளுங்கள். அன்று யார் பொறுப்போ அவர் வழி தவறினாலும் மற்றவர் பேசக் கூடாது. அப்புறம், மூன்று நாளுக்கு ஒரு மாலை தனித்தனியாகப் போங்கள். இரவுச் சாப்பாட்டில் சொல்ல ஆளுக்கொரு கதை இருக்கும். அவசரத்துக்கு 112 என்ற எண் இருவர் மொபைலிலும், கடவுச்சீட்டின் படம் மற்றவர் மொபைலிலும் இருக்கட்டும்.

ஒரு வாரம் கூடுதலாக இருந்தால்: சிசிலி

இப்படிப் போவதானால் பயணத்தைப் பாரியில் தொடங்கி, மேலே சொன்ன வரிசையைத் திருப்பிப்போட்டு நேப்பிள்ஸில் முடியுங்கள். அங்கிருந்து சிசிலியின் கத்தானியாவுக்கு நேரடி ரயில், ஏறத்தாழ 7 மணி நேரம். வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள். தூங்கிவிடாதீர்கள். மேல்தளத்துக்குப் போய் நின்றால் மெஸ்ஸினா நீரிணையின் காற்று. கத்தானியாவுக்குத் தெற்கே உள்ள சிராகூசாவில் இரண்டு இரவு: அதன் பேராலயம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அதீனா கோயிலுக்குள்ளேயே கட்டியது, சுவரில் பழைய தூண்கள் புடைத்து நிற்கும். காலை உணவு பாதாம் க்ரனிதாவும் (அரைத்த பனிக்கட்டி இனிப்பு) பிரியோஷ் ரொட்டியும்.

பிறகு பலேர்மோ. பல்லரோ சந்தையில் கடலைமாவு வில்லைகளைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் பனெல்லே கிடைக்கும், நம் பஜ்ஜியின் வாசனை. நகரத்தை ஒட்டிய பெல்லெக்ரீனோ மலையில் ஒரு குகைக்குள் புனித ரொசாலியாவின் கோயில் இருக்கிறது. 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று நம்புகிறார்கள். உள்நாட்டுப் போரில் இலங்கையை விட்டு வந்து இங்கே குடியேறிய தமிழர்கள், அவர்களில் பலர் இந்துக்கள், ஞாயிறு காலைகளில் நேர்த்திக்கடனாக நடந்தே இந்த மலை ஏறுகிறார்கள். ஞாயிறு விடியலில் அந்தப் பழைய கல் பாதையில் ஏறினால், முன்னாலும் பின்னாலும் தமிழ் கேட்கும்.

திரும்ப நேப்பிள்ஸுக்கு இரவுக் கப்பல். இருக்கைச் சீட்டு எடுத்தால் போதும், ஒரு அறை வாடகை மிச்சம். உள்ளே ஏ.சி. கடுமையாக இருக்கும், அந்த வேட்டியைப் போர்த்திக்கொள்ளலாம். அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள்: கப்பல் வளைகுடாவுக்குள் நுழையும்போது வெசூவியஸ் வலப்பக்கம் இருக்கும்.